நட்ட முடி

பழைய அயல்நாட்டு நாவல் ஒன்று. தன் அழகில் தானே மயங்கி, அதற்காக யாரை வேண்டுமானாலும் பலிகொடுத்து, உள்ளுக்குள் நாறிப்போகிற ஒருவன்தான் அதில் நாயகன். அவனைப் பற்றி என் அண்ணன் மேடையில் பேசினால் நாகர்கோவிலில் பாதிப் பேருக்குக் கண் கலங்கும். கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறவன், கேட்கவா வேண்டும்! தங்கை என்கிற பெருமையில் நானும் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டியிருக்கிறேன். என்னைச் சொல்ல வேண்டும்.

ஐம்பது தாண்டியதும் அண்ணனுக்கு முன்வழுக்கை விழுந்தது. திருவனந்தபுரம் போய், பின்மண்டையிலிருந்து முடியை எடுத்து முன்னால் நட்டுக்கொண்டு வந்தான். தோவாளைப் பக்கம் வயல் வைத்திருந்த அப்பா அவன் தலையை எட்டிப் பார்த்து, "நடவு முடிஞ்சாச்சா? எத்தனை கோட்டை நெல்லு வெளையும்டே?" என்று கேட்டார். வீடே சிரித்தது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவும் இல்லை.

போன மழைக்காலத்தில் அப்பா இறந்தார். எங்கள் பக்கம் கொள்ளி வைக்கிற மகன் தலையும் மீசையும் மழித்துக்கொள்ள வேண்டும். சவரம் செய்பவர் முற்றத்தில் கிண்ணத்துத் தண்ணீரோடு காத்திருந்தார். அப்பாவின் தம்பி கூப்பிட்டும் அண்ணன் நகரவில்லை.

"இதையெல்லாம் எதிர்த்து மேடையில பேசுதவன் நான், சித்தப்பா. மூடநம்பிக்கைக்குத் தலை குடுக்க முடியாது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "புது வீட்டுக்குப் பால் காய்ச்சும்போ ஓமம் வளத்தியே, அப்போ எங்க போச்சு இந்தக் கொள்கை? பின்மண்டைத் தழும்பு தெரிஞ்சிரும்னு சொல்லு!"

"ஏட்டி, நீ சும்மா கெட."

அம்மா எழுந்து வந்து அவன் மோவாயைப் பிடித்தாள். "முடிதானே மக்கா, முளைச்சிரும். மூத்தவன் கையால தீ வேணும்னு அப்பா ஆசைப்பட்டாருல்லா?"

அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அடுத்த வாரம் எனக்கு விருது குடுக்காவம்மா. மொட்டைத் தலையோட எப்படிப் போயி நிக்க?"

கடைசியில் சித்தப்பாதான் உட்கார்ந்து தலையைக் கொடுத்தார். அவர்தான் தீயும் வைத்தார். அண்ணன் சீவிய தலையோடு ஓரமாக நின்று, வந்தவர்களைக் கைகூப்பி வழியனுப்பினான். த்தூ!

கருமாதி முடிந்ததும் அம்மா என்னைக் கூப்பிட்டு, தன் உடலை மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்யச் சொன்னாள். திகைத்துப்போனேன். நெற்றியில் விபூதி இல்லாமல் ஒரு வாய்க் காப்பி குடிக்காதவள் அவள்.

"அவனுக்க தீ எனக்கு வேண்டாம் மக்கா" என்று சொல்லிவிட்டு அழுதாள். நானும் அழுதேன்.

எழுதிக் கொடுத்தோம். அண்ணனுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அன்றைக்கே முகநூலில் எழுதினான். பெற்ற தாயையும் பகுத்தறிவின் பாதைக்கு அழைத்து வந்துவிட்டானாம். கூடவே, விருது வாங்கியபோது எடுத்த படம். வாழ்த்துகள் குவிந்தன. இப்படி ஒரு மகனைப் பெற அந்தத் தாய் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்று ஒரு புண்ணியவான் எழுதியிருந்தார். வயிறெரிந்து எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

கத்துவாள் என்று நினைத்தேன். அவள் கைப்பேசியை வாங்கி அந்தப் படத்தை உற்றுப் பார்த்தாள்.

"ஆசுபத்திரியில என்னைக் கொண்டு குடுக்கும்போ, அவன் பக்கத்துல நின்னு படம் எடுப்பான். நீ எடுக்க விட்டுராத, என்னா?"