புதன்கிழமை பதினோரு மணிக்கு ஹால் நிறைய ஆம்பளைகள்

ஒரு வீட்டின் பெருமையை எப்படிக் காட்டுவது பிள்ளைகளே? ராஜபாளையத்தில் எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். சொந்தக்கார ஆம்பளைகளைக் கூட்டி வந்து ஹால் நிறைய உட்கார வைப்பது.

போன புதன்கிழமை அதைத்தான் செய்தோம். என் மனைவியின் தம்பி கார்த்திக்குக்கு ஒரு சம்பந்தம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பெண் வீட்டார் ஒரு வேனில் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்தார்கள். கார்த்திக் எங்களோடு இருக்கிறான். மெக்கானிக்கல் என்ஜினீயர். வேலை...? 'பிசினஸ்' என்று புரோக்கரிடம் சொல்லி வைத்திருந்தோம். என்ன பிசினஸ் என்று யாராவது கேட்டால்? கேட்க மாட்டார்கள் என்று ஒரு நம்பிக்கைதான்!

பையனுக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. சுகன்யா. ஆஸ்பத்திரியில் நர்ஸ். இதுவும் தட்டிப்போனால் இனி பெண்ணே பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

பெண்ணின் அப்பா ரிட்டயர்டு போலீஸ். ஏட்டையா என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். உட்கார்ந்தார். ஹாலை ஒரு சுற்று பார்த்தார்.

"இன்னைக்குப் புதன்கிழமைதானே?"

"ஆமாங்க ஏட்டையா."

"மணி பதினொண்ணு. இம்புட்டு ஆம்பளைக வீட்ல இருக்கீகளே... யாருக்கும் சோலி கிடையாதா?"

பெருமைக்குக் கூட்டிய கூட்டம் — அத்தனை பேரும் கையும் களவுமாக மாட்டிக்கொண்டோம். விசாரணை ஆரம்பம்.

முதலில் கூமாப்பட்டிச் சித்தப்பா. "கண்மாய்க்குத் தண்ணி வந்தா நடவு, பொறவு அறுப்பு. இப்ப செத்த நேரம் சும்மா இருக்கேன்."

"செத்த நேரம்னா?"

"ஒரு நாலு மாசம்."

இதற்குப் பருவகால வேலையின்மை என்று பேர். இந்தப் பெயர்களெல்லாம் என் மகளின் பொருளாதாரப் புத்தகத்தில் பார்த்தவை. நான் பத்தாவதோடு நின்றவன். ஆட்கள் மட்டும் எங்கள் சொந்தம்.

அடுத்து சுந்தரபாண்டியத்து அண்ணன் தம்பிகள் நாலு பேர். "ஒரு ஏக்கர் தென்னை ஏட்டையா. நாலு பேரும் பாக்கோம்."

"நாலு பேரும் இங்க இருக்கீக. அங்க யாரு பாக்கா?"

"அது... பாட்டுக்கு நிக்கும்."

ரெண்டு பேர் போதும் என்ற இடத்தில் நாலு பேர் நிற்பது மறைமுக வேலையின்மை. இங்கே அந்த ரெண்டு பேரும்கூடத் தேவையா என்று தெரியவில்லை!

செட்டியார்பட்டி மச்சான் பேண்டேஜ் துணி நெய்யும் தறி வைத்திருக்கிறார். "ஆர்டர் இல்ல ஏட்டையா. யாவாரம் படுத்திருச்சு. தறியும் படுத்திருச்சு."

"ஏன்ப்பா, நாட்டுல எவனுக்கும் அடிபடலையா? எம் மக தெனமும் கட்டுப் போட்டுக்கிட்டுல்லா இருக்கா?"

எங்கோ ஒருவர் வாங்குவதைக் குறைத்தால் இங்கே தறி நிற்கும். சுழற்சி வேலையின்மை. மறுபடி சுழலும் என்கிறது புத்தகம். எப்போது என்றுதான் போடவில்லை.

என் முறை வந்தது. மில்லில் நூல் சுற்றும் செக்‌ஷனில் இருந்தேன். புது ஆட்டோமேட்டிக் மெஷின் வந்தது. நான் வீட்டுக்கு வந்தேன். அது டீக்குப் போகாது. பொங்கலுக்கு லீவு கேட்காது. தொழில்நுட்ப வேலையின்மை... கேட்க எவ்வளவு கௌரவமாக இருக்கிறது!

கடைசியில் கார்த்திக். "தம்பி, நீங்க பிசினஸ்ல?"

எழுந்து நின்றான். "இல்லைங்க. பிசினஸும் இல்ல, வேலையும் இல்ல. ஒரு வேலை வந்துச்சு. அத்தான் இருந்த மில்லுதான். அந்தப் புது மெஷினைப் பராமரிக்க ஆள் கேட்டாக. நான் போகல. அத்தானை வெளிய அனுப்புன மெஷினுக்கு நான் எண்ணெய் போடணுமாக்கும்? அவிய மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

எனக்கே அப்போதுதான் தெரியும். அவன் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"ஏலே மாப்ளே, அது மெஷின்லே. அதுக்கு எம்மேல என்ன கோவம்? நான் வெளிய இருக்கேன்னு நீயும் வெளிய நின்னா, மில்லுக்கு என்னலே நட்டம்?"

ஏட்டையா துண்டை உதறித் தோளில் போட்டார். "ரோஷம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பொய் சொல்லில்லா எங்களைக் கூப்பிட்டுருக்கீக? நாங்க வாரோம்." அவர் எழுந்ததும் வேன் மொத்தமும் எழுந்தது. கார்த்திக்கின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுப்படியிலிருந்து காபித் தட்டோடு என் மனைவி வந்தாள்.

"இருங்க ஏட்டையா, ஒண்ணு கேக்கேன். நீங்களும் ஒரு வேன் நிறைய ஆம்பளைகதான் வந்திருக்கீக. ஸ்ரீவில்லிபுத்தூர்ல மட்டும் இன்னைக்கு ஞாயித்துக்கிழமையா?"

ஏட்டையா திரும்பித் தன் ஆட்களைப் பார்த்தார். அவருடைய மகன் — அவனும் என்ஜினீயர்தானாம் — அவசரமாக செல்போனை நோண்டினான். பெண்ணின் தாய்மாமா முதலில் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. ஏட்டையா உட்கார்ந்து காபியை எடுத்துக்கொண்டார்.

யோசித்துப் பாருங்கள்... ரெண்டு குடும்பத்திலும் அன்றைக்கு வேலைக்குப் போன ஒரே ஆள் சுகன்யா. அவளைத்தான் யாரும் கேட்கவில்லை! போன் போட்டார்கள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"அந்த மெஷின் வேலைக்கு அவுக போறாகளான்னு கேளுங்கப்பா. போறாகன்னா எனக்குச் சம்மதம். வார்டுல ஆளு நிக்காக, போனை வைக்கேன்."

மில்லில் விசாரித்தோம். அந்த இடம் இன்னும் காலியாகவே இருந்தது. வேலை தெரிந்த ஆள் கிடைக்கவில்லையாம்! ஹால் நிறைய வேலையில்லாத ஆட்கள். நாலு தெரு தள்ளி ஆளில்லாத வேலை. இதற்கும் புத்தகத்தில் ஒரு பேர் வைத்திருக்கிறார்கள் — அமைப்புசார் வேலையின்மை. பேர் வைப்பதில் மட்டும் நாம் குறை வைப்பதே இல்லை.

திங்கட்கிழமை வேலைக்குச் சேர்ந்தான் கார்த்திக். சாயங்காலம் கையெல்லாம் எண்ணெயோடு வந்தவன் என்னைப் பார்க்காமலே செருப்பைக் கழற்றினான்.

"எப்பிடி ஓடுது மாப்ளே?"

"நல்லா ஓடுது அத்தான்."

"ஓடட்டும். பாத்துக்கோ."

கல்யாணத்துக்கு நாள் குறித்தாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைதான் வேண்டும் என்று ரெண்டு வீட்டாரும் ஒரே பிடியாக நின்றார்கள். அன்றைக்கு ஒருநாள்தானே, ஹால் நிறைய ஆம்பளைகள் உட்கார்ந்திருந்தாலும் யாரும் எதுவும் கேட்க முடியாது!