நான் சொன்ன நாள்

எங்கள் மலையில் சாமையை யாரும் தனியாக விதைப்பதில்லை. ஊர் கூடி நாள் குறிக்கும். அன்றைக்கு எல்லோரும் விதைப்போம். போன வருஷம் சித்திரையிலேயே நல்ல மழை பெய்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. யாரையும் கேட்காமல் ஏர் பூட்டிவிட்டேன்.

இருபது நாளில் நடுக்குருத்துகள் காய ஆரம்பித்தன. ஒன்றைப் பிடித்து இழுத்தேன். அழுகல் நாற்றத்தோடு கையோடு வந்தது; அடியில் வெள்ளைப் புழு. குருத்து ஈயின் வேலை. காய்ந்ததையெல்லாம் பிடுங்கி எரித்திருக்க வேண்டும். புகையைப் பார்த்து ஊர் சிரிக்குமே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அதன்பிறகு மழை தள்ளிப்போனது. ஊர் ஒரு மாதம் தாமதமாக விதைத்தது. அதற்குள் என் நிலத்துப் புழுக்களெல்லாம் ஈயாகிப் பெருகி, அந்த இளம்பயிரில் இறங்கின. முதலில் போனது வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்த ராணி அக்காவின் நிலம்.

காய்ந்த குருத்துகளை அள்ளிக்கொண்டு என்னிடம் வந்தார். “இன்னா தம்பி இது? தொட்டா கையோட வருது!”

“மழ இல்லல்லக்கா, அதான்,” என்றேன். நம்பிவிட்டார்.

என் பயிர் அடியிலிருந்து புதிதாகத் துளிர்விட்டுப் பிழைத்துக்கொண்டது. அக்காவுக்கு விதைக்குக்கூடத் தேறவில்லை.

இந்த வருஷம் நாள் குறிக்கக் கூடினோம். அக்காதான் முதலில் எழுந்தார். “மழையே இப்பல்லாம் மாறிப்போச்சு. தம்பி ஒருத்தன்தான் அத்த புரிஞ்சிகினு முன்னாடியே வெதச்சான், பொழச்சான். இந்த வாட்டி அவன் சொல்ற நாள்ல வெதைக்கலாம்.”

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. வாயைத் திறந்தேன்.

“வர்ற வெள்ளிக்கெழம,” என்றேன்.

இத்தனையையும் உங்களிடம் சொல்லிவிட்டேன். வரப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிறவரிடம் இன்னும் சொல்லவில்லை.