முனியாண்டிக்கு நேர்ந்த கிடா

பொய் சொல்லிவிட்டு அடி வாங்காமல் தப்பித்தது என் சிறுவயதில் ஒரே ஒரு முறைதான். அன்றைக்கு அம்மா நாலு சாத்து சாத்தியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

கூலாய்க்குப் பக்கத்தில் எங்களுக்கு மூன்று ஏக்கரில் எண்ணெய்க்கான செம்பனை மரங்கள் இருந்தன. அவை கிழடாகிவிட்டதால் அப்பா எல்லாவற்றையும் சாய்த்துவிட்டுப் புதுக்கன்று நட்டிருந்தார். கன்றுகள் காய்க்க மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை வயிறு காத்திருக்குமா? அப்பா அடுத்தவர் தோட்டத்தில் குலை வெட்டப் போனார். மீதியை அம்மாவின் நாலு ஆடுகள் பார்த்துக்கொண்டன. அவிழ்த்துவிட்டால் கன்றுகளைக் கடித்துவிடும் என்பதால் கட்டிப்போட்டே வளர்த்தோம். அதாவது ஆடுகள் படுத்துக்கொண்டு தின்றன, அம்மா மேய்ந்தார். காலையும் மாலையும் புல்லுக்கட்டு சுமந்து அவர் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தேவிட்டது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆட்டு வியாபாரி லாரியோடு வந்தார். கறுப்புக் கிடாவை விற்றுக் கன்றுகளுக்கு உரம் வாங்குவதென்று வீட்டில் பல மாதமாகப் பேச்சு. தாய் செத்துப்போன அந்தக் கிடாவுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. வியாபாரி அதன் முதுகைத் தடவிப் பார்த்துக் கயிற்றைக் கையில் எடுத்தபோது நான் குறுக்கே போய் நின்றேன்.

“அது முனியாண்டிக்கு நேந்துவிட்டது” என்றேன்.

வியாபாரி சூடு பட்டவர்போலக் கயிற்றைக் கீழே போட்டார்.

“சாமி கிடாவா? முன்னாடியே சொல்லக் கூடாதாக்கா? இத வெட்டி வித்தா நான் வெளங்குவேனா?”

பிள்ளை சும்மா சொல்கிறது என்று அம்மா சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கொட்டகைக்குள் போய், சினையாயிருந்த இரண்டு பெட்டைகளையும் அவிழ்த்துக்கொண்டு வந்தார். கிடாவுக்குக் கிடைக்கும் விலை அவற்றுக்குக் கிடைக்காது. அவை லாரியில் ஏறும்போது நான் கிடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஜெயித்த சந்தோஷத்தில் இருந்தேன்.

அப்பா வந்து கேட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். “சின்னப் புள்ள ஒளறுனதுக்கா சாமி கோச்சுக்கும்? நாளைக்கே வியாபாரியக் கூப்புட்டுக் குடுத்துடு லா.”

“பேரச் சொல்லியாச்சு. இனி அது நம்மது இல்லைங்க” என்றார் அம்மா.

நம்முடையது இல்லாத அதற்கும் புல்லை அம்மாதான் அறுத்தார். வீட்டில் மிச்சமிருந்தது அதுவும் ஈனுவதை நிறுத்திவிட்ட ஒரு கிழட்டுப் பெட்டையும்தான். உரம் பாதிதான் வாங்க முடிந்தது. மழைக்காலம் முடிவதற்குள் கன்றுகள் வெளிறிப்போயின. கிடா மட்டும் தின்று கொழுத்தது.

முனியாண்டி கோயில் ஆடித் திருவிழாவில் கிடாவுக்கு மாலை போட்டு மஞ்சள் தண்ணீர் தெளித்தார்கள். அது உடம்பை உலுக்கியது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்றார்கள். நான் அம்மாவின் சேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். அம்மா குனிந்து என் காதருகே கேட்டார்.

“என்னன்னு வேண்டிக்கிட்ட?”

நேர்ந்துவிடுகிறவர்கள் பதிலுக்கு எதையாவது கேட்பார்கள் என்பதே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணுமே கேக்கலியா” என்றார். கோபமில்லை, களைப்புதான். பிறகு கைகூப்பிக் கண்ணை மூடியவர் நெடுநேரம் திறக்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை அவர் செனாய் தொழிற்சாலைக்கு வேலையாட்களை ஏற்றிப்போகும் பஸ்ஸில் ஏறப்போகிறார் என்பது எனக்குத் தெரியாது. கிடாவுக்கு வலிக்கக் கூடாது என்றுதான் இவ்வளவு நேரம் கேட்கிறார் என்று நினைத்து, நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.