மெட்ராஸ் தமிழ்நாடு ஆன பொங்கல்

அந்தப் பொங்கலுக்கு எங்கள் மாநிலத்துக்குப் புதுப் பெயர் வந்தது. மெட்ராஸ் என்பது பட்டணத்தின் பெயர், அதையே மாநிலத்துக்கும் வைத்திருந்தார்கள், பல வருஷம் கேட்டுக் கேட்டு இப்போதுதான் தமிழ்நாடு ஆகியிருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னார். எனக்கும் குஷியாகத்தான் இருந்தது, கவரைப்பேட்டை வீட்டுக்கு வந்து சித்தப்பாவிடம் அதைச் சொல்லும்வரை.

"அப்டினா தமிழ் பேசறவங்களுக்குத்தான் இனிமே இங்க எடம். உங்கம்மாவ ஜீப்புல ஏத்திக்கினு போயி ஆரம்பாக்கத்துக்கு அந்தாண்ட ஆந்திராவுல உட்ருவாங்க," என்றார் சித்தப்பா. அவர் சிரிக்காமல் சொல்வதெல்லாம் புளுகு என்று ஊருக்கே தெரியும். எனக்கு எட்டு வயது.

அம்மா சூளூர்பேட்டைக்காரி. அவள் சிறுமியாக இருந்தபோது அந்த ஊரும் மெட்ராஸோடுதான் இருந்தது. பிறகு ஆந்திரா பிரிந்தது. ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, ஒரே நாளில் வேறு மாநிலம் ஆகிவிட்டது. அவசரத்தில் அவளுக்குத் தெலுங்குதான் வரும். சித்தப்பா இதைச் சொன்னபோது அடுப்படியில்தான் இருந்தாள்.

முன்னெச்சரிக்கையாக நைனாவை அப்பா என்று கூப்பிட ஆரம்பித்தேன். யாரையோ கூப்பிடுகிறேன் என்று அவர் திரும்பியே பார்க்கவில்லை. வாசலில் ஆள் சத்தம் கேட்டால் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினேன்.

பொங்கல் முடிந்து சில நாளில் ஜீப் வந்தேவிட்டது. காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் இறங்கிக் குரல் கொடுத்தார்.

"ஊட்ல இருக்கறவங்கல்லாம் சாமான எடுத்துக்கினு வெளிய வாங்க."

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். "எங்க ஊட்ல தெலுங்குக்காரங்க யாரும் இல்ல சார்."

சொல்லி வாயை மூடவில்லை, அம்மா துணி மூட்டையோடு பின்னால் வந்து என் கையைப் பிடித்தாள். "ரா, போதாம்," என்றாள். வா, போகலாம் என்று பச்சைத் தெலுங்கில். எல்லாம் கெட்டது என்று நான் அழத் தொடங்கினேன்.

"ஊட்டுக்குள்ள கொசு மருந்து அடிக்கறதுக்கு இன்னாத்துக்குமா அழுவுற?" என்றார் காக்கிச் சட்டைக்காரர். சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தெருவே அப்போதுதான் பாத்திரம் பண்டங்களை அரக்கப்பரக்க வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. "இந்தம்மா எவ்ளோ உஷாரு பாரு, அதுக்குள்ள ரெடி," என்று காக்கிச் சட்டைக்காரர் அம்மாவை மெச்சியதும், எனக்கு அழுகை போய்ப் பெருமை வந்துவிட்டது.

மருந்து அடித்துவிட்டு ஜீப் போன பிறகு அம்மா மூட்டையைப் பிரித்தாள். அவளுடைய புடவைகளும் என் பாவாடை சட்டைகளும் இருந்தன. நைனாவின் வேட்டி ஒன்றுகூட இல்லை. சோற்றுப் பானையை நைனாதான் உள்ளே ஓடி எடுத்து வந்திருந்தார். துணிகளைத் திரும்பப் பெட்டியில் வைக்கும்போது அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மருந்து நெடி என்று நினைத்தேன்.

சித்தப்பாவின் புளுகை அந்த வீட்டில் நம்பியது நான் ஒருத்திதான் என்றும் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.