ஒட்டகத்தின் நடையில் ஒரு வின்ச்

தேனீ வளர்க்கும் அந்த மனிதரை ஊரில் எல்லோரும் ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவார்கள். முதுகில் தேன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, கழுத்தை லேசாக முன்னால் நீட்டி, அவசரமே இல்லாமல் மேட்டில் ஏறுவார். உள்ளே ஆயிரக்கணக்கில் தேனீக்கள் இருக்கும். ஒன்றுகூடப் பதறாது. கல்யாணமான புதிதில் அவர் மனைவி பின்னாலேயே நடந்து, பெட்டியில் காதை வைத்துக் கேட்டிருக்கிறாள். தூக்கத்தில் யாரோ முனகுவதுபோல ஒரே சீரான ரீங்காரம். அதைக் கேட்டபடி நடந்தால் தன் கால் தரையில் படுகிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருக்கும்.

இப்போது அந்த முதுகு போய்விட்டது. "இனிமே நீங்க கனம் தூக்கினா, அப்புறம் உங்களைத்தான் நாலு பேர் தூக்கணும்" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

குளிர்காலம் முழுக்கப் பெட்டிகள் ஓடையோரப் பள்ளத்தில் இருக்கும். பூக்கும் காலத்தில் மேட்டுக்கு ஏற்றியாக வேண்டும். ஜீப் மேட்டின் விளிம்புவரைதான் வரும். பக்கத்து நிலத்து டிராக்டர்க்காரர், நல்ல மனதோடு, ஒரு பெட்டியைப் பலகையில் வைத்துக் கயிறு கட்டி இழுத்துப் பார்த்தார். டிராக்டர் ஒரே வெட்டாக வெட்டி இழுத்தது. உள்ளே தேனடை அறுந்து விழுந்து, ராணி ஈ அதற்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. மூன்றாம் நாள் அந்தப் பெட்டி வெறும் மரப்பெட்டி ஆகிவிட்டது.

அவளுடைய அண்ணன் வந்து பார்த்தார். "எல்லாத்தையும் வித்துட்டு என் கடையில வந்து உக்காருங்க. மச்சானும் நிழல்ல இருக்கட்டும்." யார் எது சொன்னாலும் தலையாட்டுவது அவள் பழக்கம். அதற்கும் ஆட்டினாள். ஆனால் ஒட்டகம் அன்று சாப்பிடாமல் எழுந்து போனதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். மேட்டில் மொட்டு வெடிக்கத் தொடங்கியிருந்தது. இந்தப் பூக்காலம் முடிவதற்குள் பெட்டிகள் மேலே போகாவிட்டால் அண்ணன் கடைதான்.

அதனால்தான் ஜீப்பில் பூட்டி, கயிற்றைச் சுருட்டிப் பாரம் இழுக்கும் வின்ச் ஒன்று வாங்க இருவரும் கிளம்பினார்கள்.

நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்ட பெரிய கடை. கிரீஸும் புது ரப்பரும் கலந்த வாசனை. கடைக்காரர் காதில் பென்சில் செருகியிருந்தார்.

"வின்ச்சை முன்னாடி பூட்டிக்கங்கண்ணே. வண்டி சேத்துல சிக்கினா தன்னைத்தானே இழுத்துக்கும்."

"என் வண்டி சிக்காது தம்பி. பெட்டியைத்தான் இழுக்கணும்" என்றார் ஒட்டகம். "மேட்டு ஓரத்துல வண்டியைத் திருப்ப இடம் கிடையாது. பின்பக்கமாதான் போய் நிப்பேன். பின்னாடி பூட்டினா, மேல வர்ற பெட்டியைப் பலகை வழியா அப்படியே வண்டிக்குள்ள தள்ளிடலாம். யாரும் தூக்க வேண்டாம்."

"அப்ப பின்னாடிதான். இந்தா, இதைப் பாருங்க. யானையையே இழுக்கும்!"

"யானை இல்ல தம்பி. தேனீ."

கடைக்காரர் சிரித்தாலும் ஒட்டகத்தின் கை அந்தப் பெரிய வின்ச்சை விட்டு நகரவில்லை. காளையின் திமிலைத் தடவுவதுபோலத் தடவிக்கொண்டிருந்தது.

"இதுவே இருக்கட்டும்" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். "என் முதுகுக்குப் பதிலா வர்ற ஆளு. நோஞ்சானா இருந்தா ஊர் என்ன சொல்லும்?"

அவர் சிரித்தார். கண் சிரிக்கவில்லை. அவள் ஜீப்புக்குப் போய், வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த காலிப் பெட்டியையும் ஒரு எவர்சில்வர் கிண்ணத்தையும் எடுத்து வந்தாள்.

"ஏங்க, கிண்ணத்துல தண்ணி வச்சு, சிந்தாம வருதான்னு இழுத்துப் பாக்கலாமான்னு அவர்கிட்ட கேளுங்க."

"எனக்கே கேக்குதுக்கா" என்றார் கடைக்காரர். "நேரா என்கிட்டயே கேக்கலாம். கடிக்க மாட்டேன்."

அவள் காது சிவந்துபோனது. ஆனாலும் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை.

கடைக்குப் பின்னால் வெயில் காயும் முற்றம். இரும்புத் தாங்கிகளில் மூன்று வின்ச்சுகள் பூட்டியிருந்தன. பெட்டியைப் பலகையில் வைத்து, அதன்மேல் கிண்ணம் நிறையத் தண்ணீர் ஊற்றினார்கள். பெரிய வின்ச் உறுமியது. தொய்ந்து கிடந்த கயிறு படீரென்று விறைக்க, பலகை துள்ளி, தண்ணீர் முழுக்க ஒட்டகத்தின் காலில் கொட்டியது.

"அண்ணனுக்குக் குளியல் ஆச்சு" என்றார் கடைக்காரர்.

இரண்டாவது வின்ச் நன்றாகவே கிளம்பியது. நிறுத்தும்போது ஒரு குலுக்குக் குலுக்கி, பாதிக் கிண்ணத்தைக் காலி செய்தது.

"மூணாவதை நான் காட்டியிருக்கவே மாட்டேன்" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "ரொம்ப மந்தம். பட்டனை அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வரலாம்."

அமுக்கினார். ஏதாவது நடக்கிறதா என்றே முதலில் தெரியவில்லை. பிறகு கயிறு தரையிலிருந்து மெல்ல எழுந்தது. பலகை எப்போது நகரத் தொடங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு துண்டு வானமும் ஒரு மேகமும் மிதந்தபடி அவளை நோக்கி வந்தன. விளிம்புவரை ஒரு வளையம் வந்து தொட்டுவிட்டு, சிந்தாமல் திரும்பிப் போனது. கடை, வெயில், சாலையில் போகும் லாரிகள் எல்லாம் அவளுக்கு எங்கோ தூரத்தில் இருந்தன. காதில் ரீங்காரம் மட்டும் கேட்டது.

"ஆமை" என்றார் ஒட்டகம், பெரிய வின்ச்சின்மேல் மறுபடி கையை வைத்தபடி.

"நீங்களும் இப்படித்தான் வருவீங்க." வாயிலிருந்து வந்தபிறகுதான் தான் பேசியது அவளுக்கே தெரிந்தது.

"நானா?"

"அவசரமே இல்லாம. பின்னாடி வர்ற எனக்குத் தூக்கமே வந்துடும்."

கடைக்காரர் தேவையில்லாமல் ஒரு ஸ்பேனரைத் தேடப் போனார். ஒட்டகம் ஈரமான தன் காலைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தைப் பார்த்தார்.

"இவ்வளவு மெதுவாவா நடந்தேன்?"

"இதைவிட மெதுவா."

அவர் கை பெரிய வின்ச்சிலிருந்து எடுபட்டது. "தம்பி, இந்த ஆமையையே பூட்டிடு."

மறுநாள் விடியலில் பள்ளம் முழுக்கப் பனிமூட்டம். பெட்டி வாசல்களை வலையால் மூடியிருந்தார்கள். டிராக்டர்க்காரர் தானாகவே வந்துவிட்டார். அவரும் அவளுமாக முதல் பெட்டியைப் பலகையில் ஏற்றி, இழுக்கும் திசைக்கு நேராக அடைகள் இருக்கும்படி திருப்பி வைத்தார்கள். குறுக்கே வைத்தால் அடைகள் ஆடி ஒன்றோடொன்று மோதும்.

"இனி நான் எதையும் தொடல, தாயே. கும்பிட்டுட்டு மட்டும் நிக்கிறேன்" என்று டிராக்டர்க்காரர் ஒதுங்கினார்.

மேலே, கண்ணுக்குத் தெரியாத ஜீப்பின் பின்னால், ரிமோட்டோடு ஒட்டகம் நின்றிருந்தார். கயிறு பனிக்குள்ளிருந்து விறைத்து வந்தது. பெட்டி நகர்ந்தது. அவள் பின்னாலேயே நடந்தாள். பாதியில், குறுக்கே ஓடும் அந்தத் தடித்த வேர் அவளுக்கு நினைவு வந்தது. நிறுத்தச் சொல்லிக் கத்த வாயெடுத்தாள். குரல் வருவதற்குள் கயிறு நின்றது. இம்மியளவு இறங்கியது. பின்பு மறுபடி, வேர்மேல் காலெடுத்து வைப்பதுபோல, ஏறிக் கடந்தது. இந்தப் பனியில் மேலிருந்து வேர் தெரியாது. அந்த மேட்டில் வருஷக்கணக்காக ஏறிய கால்களுக்குத் தெரிந்திருந்தது.

பெட்டி பலகை வழியே ஜீப்புக்குள் போய் உட்கார்ந்தது. அவள் பெட்டியின் மரத்தில் காதை வைத்தாள். அவர் பக்கத்தில் வந்தார்.

"என்ன சொல்றாங்க?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. தூங்குறாங்க."

அவர் அடுத்த பெட்டிக்குக் கயிற்றை இறக்கினார். கழுத்து லேசாக முன்னால் நீண்டிருந்தது.