மிளகாய் மண்டிக்காரர் வீட்டில் ஆங்கிலப் பாடம்

சாலைக் கடைத்தெருவில் மிளகாய் வற்றல் மண்டி வைத்திருந்த ஆறுமுகநயினாருக்கு, இரண்டு பேர் தாழ்ந்த குரலில் பேசினாலே சந்தேகம் வந்துவிடும். காரணம் இல்லாமல் இல்லை. அந்த வியாபாரத்தில் விலையை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தரகரும் வாங்குபவரும் ஒரு துண்டுக்கடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். மேலுக்கு ஒருவர் பாதிப் பேச்சைப் பேசுவார், மற்றவர் மீதியைப் பேசுவார். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் விளங்காது. அப்படித்தான் ஒருமுறை அவருடைய சொந்தப் பங்காளியே ஒரு தரகரோடு சேர்ந்து, அவர் கண்ணெதிரில் அவர் சரக்கையே அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டான். அவரும் ஒன்றும் விளங்காமல் பக்கத்தில் சிரித்துக்கொண்டுதான் நின்றார். ஐயோ, அன்று முறிந்த மனம் பிறகு யாரிடமும் ஒட்டவில்லை.

அப்படிப்பட்ட மனிதரின் வீட்டுக்குள் ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆங்கிலம் நுழைந்தது. மகள் பகவதி பள்ளி இறுதித் தேர்வில் ஆங்கிலத்தில் மட்டும் தோற்றிருந்தாள். "பிள்ளைய எப்படியும் பாஸாக்கிப் போடுங்கோ" என்பதுதான் மனைவி முத்தாரம்மாள் கண்மூடுமுன் கேட்ட ஒரே வரம். அந்த வாக்குக்காகச் சுசீலாபாய் என்ற மலையாளத்து டீச்சரை டியூஷனுக்கு அமர்த்தினார். அதற்கு முன்பே அவளைப் பற்றித் தீர விசாரித்தார். தகப்பன் இல்லை, ஒரே தம்பி பொன்முடியில் தேயிலைத் தோட்டத்துக் குமாஸ்தா. விசாரித்த இந்தத் தகவலே பின்னால் வினையாக முடிந்தது.

ஆங்கிலத்தில் சில சொற்கள் ஜோடி ஜோடியாகத்தான் வரும், ஒன்று வந்து மற்றது வராவிட்டால் வாக்கியம் நொண்டும் என்பது டீச்சரின் முதல் பாடம். அதனால் பாதி வாக்கியத்தை அவள் சொல்லி நிறுத்துவாள். மீதியைப் பகவதி முடிக்க வேண்டும்.

"ஐதர்..." என்று டீச்சர் இழுப்பாள்.

"ஆர்..." என்று பகவதி பிடித்துக்கொள்வாள்.

அடுத்த அறையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆறுமுகநயினாரின் கை அப்படியே நின்றுபோயிற்று. ஒருத்தி பாதி, ஒருத்தி மீதி! மண்டியில் கேட்ட அதே தாளம். அன்று முதல் தினமும் சுவரோடு சுவராகக் காது கொடுத்தார். ஒரு சாயங்காலம் அந்த இடி விழுந்தது.

"தி பஸ் கோஸ் நாட் ஒன்லி டு கல்லாறு..."

"பட் ஆல்ஸோ பொன்முடி!"

"தெத்தியல்லோ மோளே! கல்லாறுக்கு முன்னால 'டு' உண்டுன்னா, பொன்முடிக்கு முன்னாலயும் வேணும். ரெண்டு பக்கமும் ஒருபோல இருக்கணும்."

இருவரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தகப்பன் நெஞ்சில் ஈட்டியாகப் பாய்ந்தது. பஸ்! பொன்முடி! அங்கேதானே அந்தத் தம்பி?

மறுநாள் மண்டிக் கணக்கர் அனந்தபத்மநாபனைக் கூட்டிவந்து கதவுக்குப் பின்னால் உட்காரவைத்தார். ஸ்ரீவராகம் அக்ரகாரத்து மனிதர், ஆங்கிலம் படித்தவர்.

"என்னவே பேசுதாளுவ?"

"பஸ் கல்லாறுக்கு மாத்திரமில்லை, பொன்முடிக்கும் போறதுன்னு சொல்றா. வெறும் இலக்கணம், முதலாளி. கல்மிஷம் ஒண்ணுமில்லே."

"பஸ் எதுவரைக்கும் போகுதுங்கது இலக்கணமா வே? ஒம்மையும் கைக்குள்ள போட்டாச்சா?"

கணக்கர் வாயைத் திறக்குமுன் ஆறுமுகநயினார் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"டீச்சரே, போதும். ஒங்க தம்பி எந்த ஊர்ல இருக்கான்?"

"பொன்முடியில. எந்தா அண்ணாச்சி?"

"எம் மகளுக்குப் பொன்முடி பஸ்ஸு எதுக்கு?"

சுசீலாபாய்க்கு முகம் சிவந்துவிட்டது. "என்றெ பகவானே! அவனுக்குக் கல்யாணம் கழிஞ்சு ரெண்டு குட்டிகள் ஆச்சு!"

"அது வெளிப்பேச்சு. உள்பேச்சு எனக்குத் தெரியாதா? ஐதர்னு நீங்க சொன்னா ஆர்ங்கா இவ. நைதர்னா நார். போத்னா அண்டு. நாட் ஒன்லின்னா பட் ஆல்ஸோ. என்ன சங்கேதம் இது? ஒண்ணு இந்த வீட்டுல பாடம் இருக்கணும், இல்லேன்னா நான் இருக்கணும்!"

டீச்சர்தான் முதலில் பேசினாள். "பகவதி ரெண்டு மாசமாயிட்டு நைதருக்கு ஆர் போட்டு என்னைக் கொல்லுறா. அண்ணாச்சிக்கு ஒரு ஜோடிகூட தெத்தலை."

பகவதிக்குச் சிரிப்பு வரவில்லை. தகப்பன் காலடியில் உட்கார்ந்துவிட்டாள். "அந்தச் சங்கேதம் தெரியாமத்தான்பா போன வருஷம் தோத்தேன். இன்னொரு தடவ தோத்தா எனக்குப் படிப்பே கெடையாது. எல்லாரும் ஏமாத்துனாங்க, சரி. நானுமா ஒங்கள ஏமாத்துவேன்?" அழுதுகொண்டே தலையைக் குனிந்துகொண்டாள்.

ஊரையே சந்தேகித்த அந்த மனிதர் பெற்ற மகளின் குனிந்த தலையைப் பார்த்தார். முத்தாரம்மாளுக்குக் கொடுத்த வாக்கை, யாரோ ஒரு பங்காளி செய்த துரோகத்துக்காகத் தன் கையாலேயே முறிக்கப் போனோமே என்று அப்போதுதான் உறைத்தது. துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார்.

"பாடம் நடக்கட்டும். ஆனா நானும் உள்ளதான் உக்காருவேன்."

"இரிக்கணும் அண்ணாச்சி. பகவதிக்கு ஒரு கூட்டாச்சு."

மறுநாள் கதவோரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீச்சர் கவனமாக வேறு ஊரைத் தேடினாள். "தி பஸ் கோஸ் நாட் ஒன்லி டு நாகர்கோவில்..."

"நாகர்கோவில்ல யாரு இருக்கா?" என்றார் உடனே.

"நம்ம அத்தைப்பா!" என்றாள் பகவதி.

பங்குனியில் அவள் தேர்வு எழுதியபோது பள்ளிக்கூட வாசலில் வெயிலில் நின்று, உள்ளே போகிறவர்களையும் வெளியே வருகிறவர்களையும் ஒருவர் விடாமல் முறைத்தார். மகள் தேறிய செய்தியைக் கணக்கர் ஓடிவந்து சொன்னபோதும் அவர் நம்பவில்லை. நேரே பள்ளிக்கூடத்துக்குப் போய், தலைமையாசிரியர் வாயால் கேட்டு, வேறு ஒரு வாத்தியாரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான், நடுத்தெரு என்றும் பாராமல், வாய்விட்டு அழுதார்.