சரிபார்க்காத காப்புப்பிரதி

எதிரணியிடம் "சான்று எங்கே?" என்று கேட்டே விவாத மேடைகளை வென்றவன் நான். எங்கள் அணியின் ஒளிப்பதிவுகளை வேறொரு வன்தட்டில் காப்புப்பிரதியாகச் சேமித்து வந்தவனும் நானே.

"அதெல்லாம் பழுதாகாமல் இருக்கோ எண்டு கணினியிலை சரிபார்ப்புக் கட்டளை அடிச்சுப் பாத்தனியே?" என்று அணித்தோழி மதுரா ஒருநாள் கேட்டாள்.

"நான் எடுத்தது பிழையாப் போகுமே?"

"எதிரணி இப்பிடிச் சொன்னா விடுவியே?" என்று சிரித்தாள்.

அவள் கனடா சென்றபின் என் கணினி செயலிழந்தது. அன்றுதான் அந்தச் சரிபார்ப்புக் கட்டளையை முதன்முறையாக இட்டேன். சாவகச்சேரியில் நாங்கள் சேர்ந்து பேசிய கடைசி விவாதத்தின் பதிவு மீட்க முடியாதபடி சிதைந்திருந்தது.

தொலைபேசியில் அவளிடம் ஒப்புக்கொண்டேன்.

"பறவாயில்லை. உன்ரை தொகுப்புரை எனக்கு இன்னும் மனப்பாடம்" என்றவள், அதை முழுவதும் சொன்னாள்.

அந்த விவாதத்தில் அவள் பேசியதை நினைவுகூர முயன்றேன். ஒரு வரியும் வரவில்லை. அன்று அவளருகே அமர்ந்து, என் முறைக்காக மட்டுமே காத்திருந்திருக்கிறேன்.